டேங்குன்னு எழுதிக்கோங்க

துரை குளிக்கற தண்ணியில நான் ஒரு நாளும் காலை நனைச்சதில்லீங்க ஏட்டையா. அதை மொதல்ல எழுதிக்கோங்க.

மலையில இத்தனை ஓடை ஓடுது. அதையெல்லாம் உட்டுப்போட்டு, பங்களாவுக்குப் பின்னால கருங்கல்லுல தொட்டி கட்டி, எருமையாட்டம் ஊறிக் கெடக்கறதுக்குத்தான் அந்த மனுசன் கப்பலேறி வந்திருக்காரு. பாசி புடிக்காம இருக்க வெங்காரம் போடோணும். வெங்காரம் போட்டா தண்ணியில காரம் ஏறிப்போவும். அதை எறக்கத் திராவகம். ரெண்டையும் கீழ அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து தலையில சுமந்தாந்து, ஆறு வருசம் அளந்து போட்டவன் நான். செங்கோடன்ங்கற பேரு துரை வாயில நுழையலை. தொட்டிக்கு அவங்க பாசையில டேங்காமா, என்னையும் டேங்குன்னே கூப்பிட்டாரு. சோளக்காட்டுச் சந்தையில, "டேங்கு வாராருங்க, வழி உடுங்க"ம்பாங்க. சொல்றதுக்கென்ன, எனக்கு அது புடிச்சிருந்துது.

தை மாசம் அடிவாரத்துலிருந்து நாச்சிமுத்து வேலைக்கு வந்தான். நல்ல பையன், பொய் சொல்லக் கூடாது. நாலெழுத்துப் படிச்சவன்னு துரை வெங்காரமும் திராவகமும் வெக்கற மருந்து ரூமுச் சாவியை அவன்கிட்டக் குடுத்தாரு, என்னை மெளகுக் கொடி கட்டப் போவச் சொன்னாரு. அதுகூடக் கெடக்குது. ஒரு நாள் காலையில துரை "டேங்கு"ன்னாரு. நாங்க ரெண்டு பேருமே திரும்பினோம். துரை என்னைப் போன்னு கையை ஆட்டிப்போட்டு அவனைக் கூப்பிட்டாரு. சமையக்காரன்கூடச் சிரிச்சான். அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கலை.

திராவகத்துல ஒரே ஒரு சங்கதிதானுங்க. எம் பொண்டாட்டி ராமாயி களி கிண்டறதைப் பாத்திருக்கேன். கொதிக்கற தண்ணியில மாவைப் போடுவாளே தவிர, மாவு மேல தண்ணிய ஊத்த மாட்டா. இதுவும் அப்படித்தான். பீங்கான் வாளி நெறையத் தண்ணி எடுத்து, அதுல திராவகத்தை நூலாட்டம் உடோணும். மாத்திச் செஞ்சா பொங்கி மூஞ்சியில அடிச்சுப்போடும்.

போன செவ்வாக்கெழமை நான் தொட்டிக்குப் பக்கத்துல கொடி கட்டிக்கிட்டிருந்தேன், அவன் மொதத் தரமா வெங்காரத்தைக் கரைச்சு ஊத்தினான். அப்பறம் வாளியில பாதிக்குத் திராவகத்தை ஊத்தி வெச்சுக்கிட்டு, "ஏனுங்கண்ணா, இதுல தண்ணிய ஊத்திக் கலக்கறதுதானுங்களே?"ன்னு கேட்டான்.

"ஆமாங்க"ன்னேன்.

நம்ம பக்கம் ஒருத்தரு ஒண்ணு சொன்னா, மூஞ்சியில அடிச்சாப்பல இல்லைங்கறது மருவாதையில்லை. உங்களுக்குத் தெரியாததா. அவன் இன்னொருக்காக் கேட்டான். மறுபடியும் ஆமாங்கன்னேன். வயசுல சின்னவன்னாலும் ரெண்டு தரமும் "ங்க" போட்டுத்தான் சொன்னேன். சொல்லிப்போட்டுப் பலாமரத்துக்கு அந்தாண்ட போயி நின்னுக்கிட்டேன். வெயிலு ஒறைச்சுது.

சத்தம் கேட்டு எட்டிப் பாத்தேன். மூஞ்சியப் பொத்திக்கிட்டு, "தண்ணி, அண்ணா, தண்ணி"ன்னு தொட்டியைப் பாத்து ஓடியாந்தான். அதுக்குள்ள உழுந்திருந்தா கண்ணாவது தப்பிச்சிருக்கும்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்களாமா. இருக்கலாம். நான்தான் குறுக்க போயி அவன் கையி ரெண்டையும் புடிச்சுக்கிட்டேன். அதட்டலை, தன்மையாத்தான் சொன்னேன்: "கண்ணு, இது துரை குளிக்கற தண்ணி. நம்மாளுங்க எறங்கக் கூடாது சாமி." அந்தச் சட்டம் துரை போட்டது, நான் போட்டதில்லை. அவன் கத்தி ஓயற வரைக்கும் கையை உடலை.

தெரிஞ்சேதான் செஞ்சியான்னு கேக்கறீங்க. தெரிஞ்சேதானுங்க. ஆறு வருசம் செஞ்ச வேலை தெரியாமப் போவுமா? தொட்டித் தண்ணியில ஒரு தூசி உழலை, நீங்களே போயிப் பாருங்க. நேத்துத் துரை வந்து எட்டிப் பாத்தாரு. சுத்தும் முத்தும் பாத்தாரு, வேற ஆளு இல்லை. அப்பறம் என்னைப் பாத்து "டேங்கு"ன்னாரு.

கைநாட்டு எங்க வெக்கோணும்னு காட்டுங்க ஏட்டையா. பேரு மட்டும் செங்கோடன்னு எழுதிப்போடாதீங்க.