நூலகத்துக்குப் பின்னால் ஓர் அறை

ஸக்கி: யம்மா, இங்க வா. ஜன்னல் சீட்டு காலியா இருக்கு.

நுவாரா: என்னடா அதிசயம்? டிராம்ல நீ முன்னாடி, நான் பின்னாடி. அதானே நம்ம ஒப்பந்தம்?

ஸக்கி: இனிமே என்ன ஒளிவு... அம்மாவும் மகனும் ஒரே வருஷம் பக்கலோரியா பரீட்சை பாஸ் பண்ணி, காலேஜுல ஒரே வகுப்புல சேர்ந்த கதை ரொட்டிக் கடைக்காரர் வரைக்கும் போயாச்சு.

நுவாரா: நான்தான் சொன்னேன். நாப்பத்தஞ்சு வயசுல பாஸ் பண்ணிட்டு சும்மா இருப்பேனா? செத்தீஃப் ஊர் முழுக்கச் சொல்லுவேன்.

ஸக்கி: அது கிடக்கட்டும். மத்தியானம் உயிரியல் வகுப்புல நீ இல்லையாமே. எங்க போன?

நுவாரா: இல்லை"யாமே"வா? அப்ப நீயும் இல்ல.

ஸக்கி: நான்... கொஞ்சம் லேட்டு. பேச்சை மாத்தாத.

நுவாரா: சரி, சொல்லிடறேன். நான் நிறுத்திடலாம்னு இருக்கேன்டா.

ஸக்கி: எதை?

நுவாரா: படிப்பைத்தான். பாஸ் பண்ணேன், உள்ள போய் உட்கார்ந்தும் பார்த்துட்டேன். போதும். என்னை எல்லாரும் ஹால்தி, ஹால்தின்னு அவங்க வீட்டுச் சித்தி மாதிரி கூப்பிடறாங்க. பேனா கடன் கேக்க மட்டும்.

ஸக்கி: போன செவ்வாய்க்கிழமை நடந்ததுக்காகவா?

நுவாரா: அதை ஏன் இப்ப...

ஸக்கி: நீ சரியான பதில்தான் சொன்ன. ஷிராஸ்கூட... அதாவது, எல்லாரும் சொன்னாங்க.

நுவாரா: அரபியில சொன்னேன். பேராசிரியர் திரையில படம் காட்டி அது என்னன்னு கேட்டார், செல்லைச் சுத்தி இருக்கிற சவ்வு. எங்க காலத்துலயே படிச்சதுதான், வாயில வந்துடுச்சு. பிரெஞ்சுல சொல்லுங்க மேடம்னார். வார்த்தை வரல. அப்படியே நின்னேன். மொத்த வகுப்பும் சிரிச்சுது. உன்னைத் தேடித் திரும்பினேன்...

ஸக்கி: யம்மா...

நுவாரா: நீயும் சிரிச்சுட்டிருந்த. பரவாயில்லைடா. பசங்களோட இருக்கிறப்ப அப்படித்தான்.

ஸக்கி: கேளு. நூலகத்துக்குப் பின்னால ஒரு அறை இருக்கு, புதுசா சேர்ந்தவங்களுக்காக. மேல்வகுப்புல படிக்கிறவங்க, வகுப்புல நடத்தின பாடத்தையே திரும்பச் சொல்லித் தராங்க. முதல்ல நம்ம பேச்சுல, அப்புறம் பிரெஞ்சுல. காசு கிடையாது. நீ அங்க போ.

நுவாரா: என்னைப் பார்த்தா தரை துடைக்க வந்தவள்னு நினைப்பாங்க.

ஸக்கி: மாட்டாங்க. அங்க சொல்லித் தர்ற ஷிராஸ் அக்கா ரொம்பப் பொறுமை. ஒரே வார்த்தையை எத்தனை தடவை கேட்டாலும் முகம் சுளிக்கமாட்டாங்க. தப்பா வாசிச்சா பாதியில நிறுத்தமாட்டாங்க, முடிக்க விட்டுட்டுத்தான் திருத்துவாங்க. ஜன்னல் ஓரம் மட்டும் உட்காராத, குளிரும்.

நுவாரா: ரொம்பத்தான் தெரிஞ்சு வெச்சிருக்க.

ஸக்கி: கூட்டாளி ஒருத்தன் சொன்னான்.

நுவாரா: எந்தக் கூட்டாளி?

ஸக்கி: உனக்குத் தெரியாதவன்.

நுவாரா: ஸக்கி...

ஸக்கி: நான்தான் யம்மா. ரெண்டாவது வாரத்துலேர்ந்து போறேன். பள்ளிக்கூடத்துல எல்லாம் அரபி, இங்க வந்தா எல்லாம் பிரெஞ்சு. ஒண்ணும் புரியல. அன்னிக்கு அவர் என்ன கேட்டார்னே எனக்குத் தெரியாது. எல்லாரும் சிரிச்சாங்க. சும்மா இருந்தா புரியலைன்னு காட்டிக்குடுத்துடும்னு நானும் சிரிச்சேன். வீட்டுல எப்படிச் சொல்றது? என் மகன் டாக்டர்கிட்டயே பிரெஞ்சுல பேசுவான்னு நீ ஊரெல்லாம் சொல்லிட்டிருக்க...

நுவாரா: ம்.

ஸக்கி: திட்டவாவது செய்யேன். நாளைக்கு என்கூட வா. யாராவது கேட்டா, எங்க அம்மா, என் வகுப்புதான்னு நானே சொல்றேன்.

நுவாரா: அவங்க சிரிச்சதுக்கு மறுநாளே நான் அந்த ஷிராஸ்கிட்ட பேர் குடுத்துட்டேன்டா. இன்னிக்கு மத்தியானம் வரச் சொன்னா. வந்தேன். கதவு பாதி திறந்திருந்தது... நீ வாசிச்சுட்டிருந்த, திக்கித் திக்கி. நான் உள்ள வந்து நின்னா நீ எழுந்து போயிடுவ, அப்புறம் அந்தப் பக்கமே வரமாட்டன்னு தோணுச்சு. அந்த அறையில நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் இருக்க முடியும்னா, அது நீயா இருக்கட்டும். அந்த அறை இல்லாம என்னால படிக்க முடியாது, அதனாலதான் நிறுத்திடறேன்னு சொன்னேன்.