கடைசிக் கட்டத்துக்கு வேண்டிய வெளிச்சம்

முதலில் தாளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பதினான்காம் இதழிலிருந்து தாள் கொஞ்சம் கனமாக இருக்கும். பின்பக்கத்து மை முன்பக்கம் தெரிகிறது என்று பலர் எழுதியிருந்தீர்கள். ஜெராக்ஸ் கடை அண்ணனிடம் சொல்லி மாற்றியாயிற்று. இரண்டு பின்னுக்குப் பதில் மூன்று அடிக்கப்போகிறேன். நடுத்தாள் இனிக் கழன்று வராது.

அடுத்தது, இதழ் ஏன் மூன்று வாரம் தாமதம் என்பது. பத்தொன்பது பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் தனியாக எழுத எனக்குக் கூச்சம். ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள். நின்றேன், குரல் வரவில்லை, மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் போகவில்லை. அதன் பிறகு நான் யாரிடமும் நிறையப் பேசியதில்லை. நோட்டில் வரைவதோடு சரி. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே விளக்கமாக எழுதுகிறேன்.

புதிதாக வாங்கியவர்களுக்காக ஒரு வார்த்தை. ‘இன்று தபால் உண்டா?’ என்ற இந்தப் படக்கதை என் அக்காவின் கதை. அப்பா அம்மா இல்லை. நாங்கள் இருவரும் இரண்டாம் மாடியில் ஓர் அறையிலும் ஒரு சமையலறையிலும் இருக்கிறோம். அக்கா துணி திருத்தும் கடையில் தைக்கிறாள். வேறொரு நகரத்துத் தையல் பயிற்சிப் பள்ளிக்கு ஆசிரியை வேலை கேட்டு எழுதிப் போட்டிருக்கிறாள். தபால் பதினொரு மணிக்கு வரும். அக்கா ஒரு மணிக்குச் சாப்பிட வருவாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, “ஏய் எலி, எனக்கு ஏதும் வந்துச்சா?” என்பாள். எலி என்பது நான். படத்தில் என் முதுகு மட்டும்தான் தெரியும். இல்லை என்று நான் தலையை ஆட்டுவேன். எல்லா இதழிலும் அதுதான் கடைசிக் கட்டம். அந்தக் கட்டம் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு படிப்பதாக ஒருவர் எழுதியிருந்தார். அந்தக் கடிதம் இன்னும் என் மேசை மேல் இருக்கிறது.

இதையெல்லாம் புத்தகமாக்கியது அக்காதான். என் நோட்டுகளைப் பாய்க்கு அடியிலிருந்து உருவிப் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “என் மூக்கு இவ்ளோ பெருசாடி? பாவி. இரு, இதை ஊரே பார்க்கட்டும்” என்று ஜெராக்ஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். முதல் இதழ் இருபது பிரதி. இப்போது முந்நூற்று நாற்பது.

என் வேலைமுறையைப் பற்றி ஒரு வாசகர் கேட்டிருந்தார். நான் பென்சில் தொடுவதில்லை. நேராக மைதான். அதனால் வரைந்ததை அழிக்க முடியாது. பார்க்காததை வரையவும் எனக்கு வராது. பேச்சுக் குமிழிகளை அச்செழுத்தில் எழுதுவதில்லை. யார் பேசுகிறார்களோ அவர்கள் கையெழுத்திலேயே எழுதுவேன். அக்காவின் கையெழுத்தைப் பழக நாலு மாதம் ஆனது. அவளுடைய ‘ழ’வின் வால், முடிச்சுப் போடாத நூல் போல நீளமாகத் தொங்கும். இப்போது அது எனக்கு அவளைவிட நன்றாக வரும்.

ஐந்தாம் இதழை முடித்த மறுநாள் பயிற்சிப் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. வேலை கிடைத்திருந்தது. ஆனால் கடைசிக் கட்டத்தில் நான் ஏற்கெனவே தலையை ஆட்டிவிட்டேன், மையும் காய்ந்துவிட்டது. நகல் எடுக்கும்வரை ஒரு நாள் இருக்கட்டும் என்று கடிதத்தைப் பழைய இதழ்களின் மூலப் பக்கங்களுக்கு நடுவே வைத்தேன். ஒரே ஒரு நாள் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் பிரதிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்த ஜெராக்ஸ் கடை அண்ணன் சொன்னார்: “உங்க அக்காவுக்கு லெட்டர் மட்டும் வந்துச்சுன்னு வை, நாம ரெண்டு பேரும் தலையில துண்டைப் போட்டுக்கிட்டு உக்கார வேண்டியதுதான்.” விளையாட்டாகத்தான் சொன்னார். அவர் மேல் தப்பில்லை.

ஒரு வாரம் கழித்து அந்தப் பள்ளிக்கு ஒரு பதில் போட்டேன். குடும்பச் சூழ்நிலை காரணமாக இப்போது வர இயலாது என்று இரண்டே வரி. சூழ்நிலையில் இருக்கிற ‘ழ’ நன்றாக விழுந்திருந்தது. அடுத்த ஆண்டு அவர்கள் மறுபடி எழுதினார்கள். மறுபடியும் மரியாதையாகவே பதில் போட்டேன். அக்கா போயிருந்தால் அவள் அங்கே தனியாகக் கஷ்டப்பட்டிருப்பாள். நான் யாரை வரைவது என்பதும் இருந்தது, அதை மறைக்கவில்லை.

பத்தாம் இதழிலிருந்து கட்டங்களில் ‘லொக் லொக்’ என்று ஓர் ஓசை வருவதைக் கவனித்திருப்பீர்கள். அது நானாகச் சேர்த்ததில்லை. அக்காவுக்கு இருமல் வந்தது. ஊசியில் நூல் கோக்க இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினாள். உங்களுக்கு அது பிடித்திருந்தது, ‘இப்போதுதான் அவள் நம் வீட்டு ஆள் போல இருக்கிறாள்’ என்று ஒருவர் எழுதினார். தையல் கடைக்கார அம்மா வற்புறுத்தி அவளை மருத்துவமனைக்கு அனுப்பினார். நெஞ்சைப் படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். எங்கள் வீட்டில் தொலைபேசி கிடையாது. ஏதாவது இருந்தால் கடிதம் போடுவோம், பத்து நாளில் ஒன்றும் வராவிட்டால் கவலை இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

எட்டாம் நாள் கடிதம் வந்தது. உறையின் மூலையில் மருத்துவமனை முத்திரை இருந்தது. பார்த்தேன். பிரித்தும் படித்தேன். தாமதம் செய்யாமல் வரவும் என்று இருந்தது.

அன்று கொடுப்பதாகத்தான் இருந்தேன். கடிதம் மடியில் இருந்தது. ஒரு மணிக்கு அக்கா வந்தாள். செருப்போடு நின்று, “எலி, எனக்கு ஏதும் வந்துச்சா?” என்றாள். கழுத்து பழகிப்போயிருந்தது. ஆடிவிட்டது.

“வரலையா? நிஜமாவா?” என்றாள். அப்புறம் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “இன்னும் ரெண்டே நாளு. பாருடி கூத்தை. இத்தனை வருஷத்துல வராத தபாலுக்குச் சந்தோஷப்படுறவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.”

அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. நான் நோட்டை எடுத்தேன். “இதையுமாடி?” என்றாள். ஆனாலும் நான் முடிக்கும்வரை அசையாமல் நின்றாள்.

பதின்மூன்றாம் இதழின் கடைசிக் கட்டம் அதுதான். இதுவரை வந்ததிலேயே சிறந்தது என்று நாற்பத்தாறு பேர் எழுதினீர்கள். அக்கா ஒவ்வொன்றையும் சத்தமாகப் படித்தாள். “எனக்கு உடம்பு நல்லாருக்குன்னு முன்னப்பின்ன தெரியாதவங்க அழுதிருக்காங்கடி” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதன் பிறகு எப்படிச் சொல்வது. நீங்களே சொல்லுங்கள்.

இரண்டாம் கடிதம் ஐந்து வாரம் கழித்து வந்தது. மூன்றாவது பதிவுத் தபால், இந்த வாரம் திங்கட்கிழமை. தபால்காரர் மூச்சு வாங்க மாடி ஏறி வந்து, “பாப்பா, அக்கா கையெழுத்து வேணுமே” என்றார். அக்கா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள். நான் வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். “அடேயப்பா, அச்சு அசல் அவங்க போட்ட மாதிரியே இருக்கே” என்று சிரித்துவிட்டு, “உடம்பு தேவலையா அவங்களுக்கு?” என்று கேட்டார். தலையை ஆட்டினேன்.

வியாழக்கிழமைக்குள் கட்டாயம் வந்து சேர வேண்டும், அதற்கு மேல் சிகிச்சைக்குப் பலன் இருக்கும் என்று சொல்வதற்கில்லை என்று அதில் எழுதியிருக்கிறது. கீழே மருத்துவர் கையால் ஒரு வரி சேர்த்திருக்கிறார். அவர் கையெழுத்து மோசம்.

அக்கா இப்போது வேலைக்குப் போவதில்லை. மாடி ஏற முடியாததால் இறங்குவதும் இல்லை. வழக்கமாக மூலப் பக்கங்களைக் கடைக்கு எடுத்துப்போவது அவள். போகும் வழியிலேயே படித்துவிடுவாள். இந்த முறை நானே எடுத்துப் போகிறேன். இதை எழுத முடிவதும் அதனால்தான். வீட்டு வேலையும் வரைவதும் நான் ஒருத்தியே என்பதால் மூன்று வாரம் ஆகிவிட்டது. தாமதத்துக்கு மன்னிக்கவும்.

இப்போது நல்ல செய்தி. பதினான்காம் இதழின் கடைசிக் கட்டத்தில் அக்காவுக்குக் கடிதம் கிடைக்கும். இத்தனை நாள் காத்திருந்த உங்களை நான் ஏமாற்றமாட்டேன். எல்லாக் கடிதங்களையும் எடுத்து வரிசையாக அடுக்கி நூல் போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். அவளிடம் கொடுத்து, எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன். அவள் திட்டுவாள். அடித்தாலும் அடிப்பாள். ஆனால் நான் பொய் வரைந்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும். கடிதத்தைப் பார்க்கும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று நானாகக் கற்பனை செய்து வரைந்தால் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். நேரில் பார்த்துத்தான் வரைய வேண்டும்.

அதற்காக நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டு அவளை உட்கார வைத்திருக்கிறேன். பேனாவில் மை நிரப்பியாயிற்று. மற்றக் கட்டங்கள் எல்லாம் முடிந்துவிட்டன. அந்த ஒன்றுக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன்.

சற்று முன் அங்கிருந்தே கேட்டாள். குரல் இரண்டாக உடைந்து வந்தது.

“எலி... எனக்கு ஏதும் வந்துச்சா?”

கடிதக் கட்டை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு போய் அவள் எதிரில் நின்றும் பார்த்தேன். இன்று வியாழக்கிழமை. காலையிலிருந்து ஒரே மேகமாக இருக்கிறது, முகத்தில் பாதி நிழல் விழுகிறது, கண் சரியாகத் தெரியவில்லை. நாளைக்கு நல்ல வெளிச்சம் இருந்தால் கொடுத்துவிடுவேன்.