நாலாவது தடவை உரிஞ்ச பெயிண்ட்

அங்க இல்ல தம்பி, அந்தப் படியில கால் வெச்சிடாதீங்க. சாயங்காலம் நாலு இருபது வரைக்கும் யாரும் மிதிக்கக் கூடாதாம். பாருங்க, சாக்பீஸ்ல எழுதியே வெச்சிருக்காரு. எங்க வீட்டுக்காரர்தான், வேற யாரு. முப்பத்திரண்டு வருஷம் பஸ் டிப்போல டைம் கீப்பரா இருந்தவரு. பஸ்ஸை விட்டு வந்தாச்சு, இப்போ படிக்கும் தொட்டிக்கும் டைம் குறிச்சிட்டு இருக்காரு. நீங்க இப்படிச் சுத்தி வாங்க. செடியில உரசினா பரவாயில்ல.

அவரா? உள்ள தூங்குறாரு. மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தா ரெண்டு மணி நேரம். மூணே முக்காலுக்குத்தான் எழுந்திரிப்பாரு. எழுப்பவெல்லாம் வேணாம். உங்க கம்பெனிக்குப் புகார் எழுதிப் போட்டது அவருதான், ஆனா நீங்க பாக்க வந்தது பெயிண்டைத்தானே, அவரை இல்லையே. நான் காட்டுறேன், எனக்கு எல்லாம் தெரியும்.

இதோ, இந்த ரோஜாத் தொட்டியில ஆரம்பிங்க. சும்மா நகத்தால தட்டுங்க. வருதா? அப்பளம் மாதிரி வருதுல்ல? நாலாவது தடவை தம்பி. மொதல்ல பச்சை அடிச்சாரு, ஒரே மாசத்துல கொப்புளம். அப்புறம் கிரீம் கலர், அதுவும் கொப்புளம். மூணாவது செங்கல் கலர். மண்ணால செஞ்ச தொட்டிக்கு மண்ணு கலரே அடிச்சாரு. முதுகு ஒடிய மூணு நாள் வேலை பாத்து, கடையில வாங்கும்போது அது எந்த நிறத்துல இருந்துச்சோ அங்கேயே கொண்டுவந்து விட்டாரு. ரொம்ப நல்லா இருக்குங்கன்னேன். இப்போ இந்த நீலம்.

கலருக்கு முன்னாடி பிரைமர் அடிச்சாரான்னா கேக்குறீங்க? அவர் காதுல விழுந்துடப் போகுது, கோவிச்சுக்குவாரு. டப்பாவில என்ன எழுதியிருக்கோ அதைக் கண்ணாடியப் போட்டுக்கிட்டுச் சத்தமா வாசிச்சு, வாசிச்சு, அதுபடிதான் செய்வாரு. நல்லா கழுவணும்னு இருந்துச்சா, கழுவினாரு. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும்னு இருந்துச்சா, தேய்ச்சாரு. தூசியெல்லாம் நான் காயப்போட்ட துணிமேல வந்து உக்காந்துச்சு, அது டப்பாவில போடலையே, அதனால அது அவர் கணக்குல வராது. அப்புறம் பிரைமர். அப்புறம் நாலு மணி நேரம். இங்கதான் நாற்காலியப் போட்டுக்கிட்டு, வாட்சைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. மூணு மணி நேரம் அம்பத்தெட்டு நிமிஷம் ஆனதும் பிரஷை முக்கிக் கையில புடிச்சுக்கிட்டு எழுந்து நின்னுடுவாரு. டிப்போ விசில் ஒண்ணு இன்னும் பத்திரமா வெச்சிருக்காரு தம்பி. ஊதுவாரு. சிரிக்காதீங்க, நிஜமா ஊதிட்டுத்தான் ரெண்டாவது கோட்டிங்கை ஆரம்பிப்பாரு. பக்கத்து வீட்டு டீச்சரம்மா மொத தடவை யாருக்கு என்னாச்சோன்னு கரண்டியோட ஓடி வந்துட்டாங்க.

தொட்டிக்கு உள்பக்கமா? உள்பக்கம் அடிக்கல. அடிக்கணுமா என்ன? அப்படி ஏதும் அவர் வாசிச்ச மாதிரி எனக்கு ஞாபகம் இல்ல.

சரி, அதை விடுங்க. இந்த பெஞ்சைப் பாருங்க. சிமெண்ட் பெஞ்சு. வெள்ளை அடிச்சிருக்காரு. இதுல உக்காராதீங்க, உங்க பேண்டு கறுப்பு. போன மாசம் இதுல ஒரு கூத்து நடந்துச்சு. வீடு வாங்குறதுக்கு ஒரு புருஷன் பொண்டாட்டியை புரோக்கர் கூட்டிட்டு வந்தாரு.

ஆமாம், வீடு விக்கப் போறாங்க. உங்களுக்குத் தெரியாதா? அதுக்குத்தானே இந்த பெயிண்ட் கல்யாணமே. அஞ்சு மாசத்துக்கு முன்னாடி அந்த புரோக்கர் வந்தாரு. வீட்டுக்குள்ள கூட வரல, வாசல்லயே நின்னாரு. கேட்டைத் திறந்ததும் கண்ணுல படுறது தோட்டம்தான் சார், அது இப்படிப் பாசி புடிச்சுக் கிடந்தா எவன் உள்ள வருவான், தொட்டி பெஞ்சு சுவரு படி எல்லாத்துக்கும் அவுட்டோர் பெயிண்ட் அடிச்சுப் பளபளன்னு வெச்சிடுங்க, மறு வாரமே முடிச்சுத் தர்றேன்னு சொல்லிட்டுப் போனாரு. பளபளன்னு ஒரு பேச்சுல பத்து தடவை சொல்லுவாரு. நான் அவருக்குப் பளபளான்னே பேரு வெச்சிட்டேன். இவர் அன்னிக்கே போயி ரெண்டு டப்பா வாங்கிட்டு வந்துட்டாரு. பெயிண்ட் முடியாம வீட்டை யாருக்கும் காட்டக் கூடாதுன்னு முடிவும் பண்ணிட்டாரு.

எங்க போகப் போறோமா? எம் பையன் வீட்டுக்கு. பதினோராவது மாடி. நல்ல பையன், தப்பு சொல்ல மாட்டேன். தினமும் போன்ல முகத்தைக் காட்டுவான். என் முகத்தைப் பாக்க மாட்டான், போனை அப்படியே திருப்பு, தொட்டி எப்படி இருக்குன்னு பாக்கலாம்பான். மருமக அதுக்கு மேல. கலர் அட்டையைப் படம் புடிச்சு அனுப்பி, அத்தை உங்களுக்கு எது பிடிக்குது சொல்லுங்கம்பா. அங்க ஒரு பால்கனி இருக்கு. ரெண்டு தொட்டி வெச்சுக்கலாமாம், எனக்கு அனுமதி குடுத்திருக்காங்க. துணி காயப்போடுற ஸ்டாண்டுக்கும் ஏசி பெட்டிக்கும் நடுவுல எடம் இருக்காம், அளந்து பாத்துட்டானாம்.

கூத்தைச் சொல்ல வந்தேன்ல. பெயிண்ட் முடியட்டும்னு இவர் சொல்லியும் கேக்காம பளபளா கூட்டிட்டு வந்தாரே அந்தப் பொண்ணு, நல்ல கறுப்பு டிரெஸ். பளபளா சும்மா இருக்காம, உக்காருங்க மேடம், சாயங்காலம் காத்து பிச்சிக்கிட்டு வரும்னு இந்த பெஞ்சுல உக்கார வெச்சிட்டாரு. அஞ்சு நிமிஷம் பேசினாங்க. எழுந்திரிச்சா, பெஞ்சோட வெள்ளை பாதி அந்தப் பொண்ணு பின்னாடி ஒட்டிக்கிச்சு. என்னால சிரிப்பை அடக்க முடியல, டீ போடுறேன்னு உள்ள ஓடிட்டேன். ஜன்னல் வழியா பாத்தேன். அது தட்டிக்கிட்டே போவுது, புருஷன் பின்னாடி தட்டிக்கிட்டே போறான், பளபளா அதுக்கும் பின்னாடி, தட்டலாமா கூடாதான்னு தெரியாம கையை நீட்டிக்கிட்டே போறாரு. கார் ஏறினவங்க ஏறினவங்கதான். திரும்பி வரவே இல்ல.

இது என்ன, டார்ச்சா? ஈரம் பாக்குற மெஷினா! அட. சுவத்துல வெச்சா சொல்லிடுமா? வெச்சுப் பாருங்க, எனக்கென்ன.

ஏன் இப்படிக் கத்துது? சிவப்பு வந்தா ஈரம் ஜாஸ்தின்னு அர்த்தமா. ஓ. இல்லயே, மழை பேஞ்சு ஆறு வாரம் ஆச்சு. குழாய் உடைஞ்சிருக்காதுங்க, போன வாரம்தான் பிளம்பர் வந்து பாத்தாரு, அவரையும் இவர்தான் வரவெச்சாரு. தரைக்கு அடியில ஊத்து இருக்குமா? இருக்கலாம், யாரு கண்டா. நீங்க படிச்சவங்க, நீங்க சொன்னா சரிதான். அந்தத் தொட்டியில எதுக்குங்க வெக்கிறீங்க? அதான் செடி இருக்கே, ஈரம் இல்லாம இருக்குமா.

அதையும் கிளறிப் பாக்கணுமா? சேறா இருக்கா.

தம்பி, ஒரு நிமிஷம் அந்த நோட்டை மூடி வைங்க. இப்படி நிழலுக்கு வாங்க.

உங்க பெயிண்ட்டுல ஒரு குத்தமும் இல்ல. அந்தத் தண்ணி நான் ஊத்துறதுதான்.

இவ்ளோ பெரிசா முழிக்காதீங்க. தினமும்தான். இவர் விசில் ஊதி, கோட்டிங் முடிச்சு, குளிச்சு, சாப்பிட்டுக் கட்டில்ல சாய்ஞ்சாருன்னா நான் வாளியைத் தூக்குவேன். தொட்டிங்களுக்கு விளிம்பு வரைக்கும். சுவத்துக்குப் பின்னாடி நனைஞ்ச மண்ணைக் குவிச்சு வெச்சிருக்கேன், அது உள்ளேர்ந்தே வேலையைப் பாத்துக்கும். மண்ணு சாமான் வேர்க்கும், மேல பூசினது நிக்காதுன்னு அடுப்படியில நிக்கிறவளுக்குத் தெரியாதா? டப்பாவுக்குக் கீழ பொடி எழுத்துல, தொட்டியோட உள்பக்கமும் அடிக்கணும்னு நீங்களே போட்டிருக்கீங்க. அந்த எடத்துல கடைக்காரன் விலைச் சீட்டை உரிச்சு ஒட்டிட்டேன். வாங்கின டப்பா எல்லாத்துலயும். சீட்டுக்கு அடியில என்ன இருக்குன்னு பாக்குற ஆளு இல்ல இவரு, எழுதினதை வாசிக்கிற ஆளு. பெஞ்சுக்குத்தான் தண்ணி சரிப்படல, கொஞ்சம் திமிரா நின்னுச்சு. பிரைமர் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு மெழுகுவத்தியைத் தேய்ச்சு விட்டேன்.

வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமேன்னுதானே கேக்குறீங்க? நீங்க சின்னப் பையன், உங்களுக்குத் தெரியாது. சொன்னா என்ன ஆகும்னு எனக்கு நல்லாத் தெரியும். மூணு பேரும் என்னைச் சுத்தி உக்காந்து எனக்குப் புரியவெப்பாங்க. அம்மா உனக்கு முட்டி வலிக்குதும்மாம்பான் பையன். அத்தை லிஃப்ட் இருக்கு அத்தைம்பா மருமக. இவரு நான் எப்போ அழுது முடிப்பேன்னு வாட்சைப் பாத்துக்கிட்டு இருப்பாரு. எனக்கு எல்லாம் புரியும் தம்பி. முட்டி வலிக்கிறது எனக்குத்தானே, எனக்குத் தெரியாமலா இருக்கும்? கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து இவரோட டைம்ல எழுந்திரிச்சு, இவரோட டைம்ல சமைச்சு, இவரோட டைம்ல விளக்கை அணைச்சிருக்கேன். இந்தத் தோட்டத்துக்கு வந்தா மட்டும் எப்போ வந்தே எப்போ போனேன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. எனக்கு இங்கேர்ந்து போக இஷ்டம் இல்ல. அவ்ளோதான். இதை நான் மொத மொதல்ல உங்ககிட்டதான் வாய்விட்டுச் சொல்றேன், நல்லா இருக்கு கேக்குறதுக்கு.

அவர் பாவம் இல்லையான்னா, பாவம்தான். போன வாரம் இந்த நீலமும் கொப்புளம் விட்டப்போ அந்த நாற்காலியில உக்காந்து கையைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. என் கையில முன்ன மாதிரி சுத்தம் இல்ல போலன்னாரு. அன்னிக்கு எனக்கு அழுகையே வந்துடுச்சு. ராத்திரிக்கு அவருக்குப் பிடிச்சதா சமைச்சுப் போட்டேன். மறு நாள் மத்தியானம் ஒரு வாளி கம்மியா ஊத்தினேன். வேற என்ன பண்ணச் சொல்றீங்க? இவரையும் நோகடிக்கக் கூடாது, இங்கேர்ந்தும் போகக் கூடாது, ரெண்டையும் எப்படிப் பண்றது?

நோட்டைத் திறங்க. திறங்க, பொய் எழுதச் சொல்ல மாட்டேன், உங்க வேலைக்கு ஆபத்து வேணாம். ஈரம் இருக்கு. இருக்குல்ல? உங்க மெஷினே கத்துச்சே. அதை எழுதுங்க. எதனாலன்னு கண்டுபிடிக்க முடியலன்னு எழுதுங்க, பொம்பளைங்க மனசுல இருக்குறதைக் கண்டுபிடிக்கிற மெஷின் உங்க கம்பெனியில இன்னும் வரலையே. நல்லா காயுற வரைக்கும் மேல பெயிண்ட் அடிக்கக் கூடாதுன்னு எழுதுங்க, அதுவும் நிஜம்தானே. கீழ சீல் வெச்சுக் குடுங்க. சீல் வெச்ச காகிதம்னா இவர் மீறவே மாட்டாரு. பளபளா வந்தா மூஞ்சி முன்னாடி நீட்டிக் காட்டுவாரு.

எத்தனை மாசம் போடுறீங்க? ரெண்டா? என்ன தம்பி, கஞ்சத்தனம். சுவரைப் பாத்தீங்கல்ல, எவ்ளோ நனைஞ்சிருக்கு. ஆறு போடுங்க. ஒன்பது போட முடியாதா? சரி சரி, ஆறே இருக்கட்டும்.

அஞ்சு மாசமா எல்லாரும் என்கிட்ட வந்து வந்து கேக்குறாங்க தம்பி, பச்சையா நீலமா, நீலமா வெள்ளையான்னு. புரோக்கர் கூட கேட்டாரு. நான் வர்றேனான்னு மட்டும் ஒருத்தருக்கும் கேக்கத் தோணல.

சத்தம் கேக்குதா? கட்டில் கிறீச்சுன்னுச்சு. எழுந்துட்டாரு. வாட்சைப் பாருங்க, மூணே முக்காலா? நான் சொல்லல? நீங்க அந்தப் பக்கம் நின்னு அளக்குற மாதிரி ஏதாவது பண்ணுங்க, நான் டீ கொண்டுவர்றேன். அப்படியே உங்க கால் பக்கத்துல இருக்குற வாளியை பெஞ்சுக்கு அடியில தள்ளி விட்டுடுங்க. மெதுவா தம்பி, கொட்டிடப் போகுது, இன்னும் நாலு தொட்டி பாக்கி இருக்கு.