தண்ணீர் எத்தனை அடி?

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்... இது என் கூட்டாளியின் மச்சினிச்சிக்கு நடந்தது.

இரவு ஒன்றே முக்கால். ஈ காக்கை இல்லாத வாய்க்கால் ரோடு. ஸ்கூட்டரை விரட்டிக்கொண்டு போகிறாள். அவள் புருஷன் நீரேற்று நிலையத்தில் மோட்டார் ஆபரேட்டர். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஷிஃப்ட். போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுகிறவன், கூப்பிடவில்லை. போனும் அணைந்து கிடக்கிறது.

அங்கே கதவு திறந்திருந்தது. நாற்காலி காலி. கிரீஸ் வாடை... மேசைமேல் கம்ப்யூட்டர். அதில் ஓடுவது அவளே சி மொழியில் எழுதிக் கொடுத்த புரோகிராம். மணிக்கொரு தரம் 'தண்ணீர் எத்தனை அடி?' என்று கேட்கும். எண்ணைத் தட்டி என்டரை அழுத்தவேண்டும், அவ்வளவுதான். இப்போதோ அந்த ஒரே கேள்வி திரை முழுக்க மடமடவென்று கொட்டிக்கொண்டிருந்தது.

காரணம் அவளுக்குத் தெரியும். எண் கேட்ட இடத்தில் எழுத்தைத் தட்டியிருக்கிறார்கள். அதை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் புரோகிராம் திணறுகிறது.

புருஷன்தான் ஏதோ சொல்லவந்து தட்டியிருக்கிறான் என்று நினைத்தாள்... புரோகிராமை நிறுத்தினாள். எது வந்தாலும் வரியாக வாங்கிக் காட்டும்படி மாற்றினாள். கம்பைல் செய்து ஓட்டினாள். யாராவது தட்டும்வரை அது சும்மா நிற்கவேண்டும். நிற்கவில்லை. கேள்விக்குக் கீழே தானாக ஒரு பதில் விழுந்தது.

இடுப்பு.

கீபோர்டை அவள் தொடவே இல்லை...

எந்தத் தொட்டியில் விழுந்து கிடக்கிறானோ என்று டார்ச்சோடு ஓடினாள். முதல் தொட்டியில் கணுக்கால் அளவுகூட இல்லை. இரண்டாவது காய்ந்து கிடந்தது. திரும்பி வந்தால்... மார்பு.

கீபோர்டு ஒயரைப் பிடுங்கி எறிந்தாள்.

கழுத்து.

எங்கிருந்தாலும் தண்ணீர் வடியட்டுமென்று இருக்கிற வால்வையெல்லாம் திறந்துவிட்டாள். நகம் பிய்ந்து ரத்தம். "கொஞ்சம் தாங்குங்க... எங்க இருக்கீங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்று திரையிடமே கெஞ்சினாள்.

வாசலில் செருப்புச் சத்தம். சரக்... சரக்...

புருஷன். குறுக்கு வழியில் பைக் செயின் அறுந்து, போன் செத்து, நடந்தே வந்திருக்கிறான். இன்னும் டியூட்டியே ஏறவில்லை.

போன உயிர் திரும்பியது அவளுக்கு. அவன்தான் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"ஏன்டி இப்படித் தொப்பலா நனைஞ்சிருக்கே?"

குனிந்து பார்த்தாள். கால் முதல் கழுத்துவரை ஈரம் சொட்டியது. திரையில் அடுத்த வரி...

மூக்கு.

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். மூச்சு உள்ளே போகவில்லை.

அவன் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். எப்படியோ பிழைத்துக்கொண்டாள். அவள் நெஞ்சிலிருந்து டாக்டர் ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்தாராம்.

உப்புத் தண்ணீர்... அங்கிருந்து கடல் இருநூறு மைல்.