கொலசாமிகிட்டக் கேட்ட பூ

இல்லீங்க அம்மணி, ஆரும் இல்ல. பைதான் வெச்சிருந்தேன், எடுத்துக்கறேன், உக்காருங்க. உள்ள ஆருங்க உங்களுக்கு? அம்மாவா? முட்டி மாத்தறதுக்குங்களா? அட, அதுக்குப் பயப்படாதீங்க. எங்க ஸ்கூல் எச்செம்மு ரெண்டு முட்டியும் மாத்தீட்டு வந்து இப்ப மாடி ஏறி எங்களைய வெரட்டறாங்க. எனக்குங்களா? எங்கூட்டுக்காரரு. அந்த போர்டுல பாருங்க, மேல இருந்து மூணாவது. லட்சுமணசாமி. நெஞ்சுல ஆப்பரேசன். காலைல கூட்டீட்டுப் போனது, இன்னும் உள்ளன்னேதான் காட்டுது.

காப்பி வேண்டாமுங்க. வாங்கிக் குடிக்கப் பாத்தேன், சேலைல ஊத்திக்கிட்டேன். இங்க பாருங்க கறைய. ஏதாச்சும் பேசீட்டே இருந்தாத் தேவலைங்க. நீங்க கையில செபமால வெச்சிருக்கறீங்க, நான் எடைஞ்சல் பண்றனோ என்னமோ. செரிங்க, அப்பப் பேசறேன்.

மெர்சிங்களா? நான் ராமாமணி. கிணத்துக்கடவுக்குப் பக்கந்தான் தோட்டம். அவரு தென்னை வெச்சிருக்கறாரு, நான் சயின்ஸ் டீச்சருங்க, பத்தாவதுக்கு. பொண்ணு சாய்ப்ரியா பெங்களூர்ல இருந்து கார்ல வந்துட்டே இருக்கறா.

அடைப்புங்க. மூணு ரத்தக்குழாய்ல. தேங்கா எறக்கறப்ப மரத்தடியில நின்னவரு அப்புடியே நெஞ்சப் புடிச்சுட்டு உக்காந்துட்டாரு. வாயுத்தொல்லைன்னு ரெண்டு நாளு சோடா குடிச்சுட்டு இருந்தாருங்க. நாந்தான் வம்பு பண்ணி இங்க கூட்டியாந்தேன். டாக்டரு படத்தப் போட்டுக் காட்டிச் சொல்லிப்போட்டாரு, இன்னொருக்கா இப்புடி வந்துச்சுன்னா ஆஸ்பத்திரி வந்து சேர மாட்டாரும்மான்னு. ஆப்பரேசன் பண்ணுனா நூத்துக்குத் தொண்ணூத்தேழு பேரு நல்லா ஆகி வந்துருவாங்களாமா. எனக்கு அப்ப அது பெரிய நம்பராத் தெரிஞ்சுதுங்க. இப்ப மீதி மூணு பேருதான் கண்ணுக்குள்ள நிக்கறாங்க. அவீங்களும் இந்த மாதிரி சேர்ல ஆரையோ உக்கார வெச்சுட்டுத்தானுங்களே உள்ள போயிருப்பாங்க.

அவரு ஆப்பரேசனுக்கு ஒடனே எல்லாம் ஒத்துக்கலீங்க. கொலசாமிகிட்டப் பூ கேக்காம மேல கத்தி வெக்க உடமாட்டேன்னுட்டாரு.

பூ கேக்கறதுன்னா, உங்க பக்கம் இருக்காதுங்க. எங்க அம்மன் கோயில்ல வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவப்பரளி ஒரு பொட்டலம், எலைல மடிச்சு, ரெண்டுக்கும் ஒரே மாதிரி நூல் சுத்தி, அம்மன் காலடில வெப்பாங்க. நம்ம மனசுல கேட்டுட்டு நிக்கோணும். பூசாரி கண்ண மூடீட்டு ஒண்ணை எடுத்துக் கையில குடுப்பாரு. கேட்டவீங்கதான் பிரிக்கோணும். வெள்ளை வந்தா உத்தரவு. செவப்பு வந்தா வேண்டாம்னு அர்த்தம். மறுக்காக் கேக்கப்படாது.

அவருக்கு எதுக்கெடுத்தாலும் பூதானுங்க. தோட்டத்துல போர்வெல் போடறதுக்குப் பூ, பொண்ண இஞ்சினீரிங் சேத்தறதுக்குப் பூ. என்னையக் கட்டறதுக்கே பூ கேட்டுத்தான் வந்தாங்க. வெள்ளை வந்துச்சாமா. சண்டை வந்தா நான் சொல்லுவேன், அன்னைக்குப் பூசாரி உங்களைய நல்லா ஏமாத்திப்போட்டாருன்னு. அவரு சிரிப்பாரு. நல்லாச் சிரிப்பாருங்க.

நானுங்களா? பொங்கல் வெப்பேன், கோயில் நோம்பின்னாப் போவேன், ஊரோட ஒத்துப் போறதுதானுங்க. ஆனா நம்பறதில்ல. ரெண்டு பொட்டலத்துல ஒண்ணை எடுத்தா பாதிக்குப் பாதி. காசு சுண்டிப் போடற மாதிரித்தான். நெஞ்சுல அடைப்பு இருக்குதா இல்லியான்னு அரளிப் பூவுக்கு எப்புடித் தெரியும்? இதையே இருவது வருசமாச் சொல்லீட்டு இருக்கறேன். அவரு கேட்டுட்டு, செரி மணி, நீ சொல்றதும் செரிதான்னுட்டு, அடுத்த வெள்ளிக்கெழம பூ கேக்கப் போயிருவாரு.

இந்தத் தடவ அவரால போக முடியிலீங்க. படி ஏறப்படாது, வண்டில ஆடப்படாதுன்னு டாக்டரு சொல்லீட்டாரு. அவரு தம்பி ரங்கராஜ் நான் போறேனுங்கண்ணான்னு நின்னான். இவரு வேண்டான்னுட்டு என்ன சொன்னாருங்கறீங்க? அவன் எம்மேல உசுரையே வெச்சிருக்கறான், என்ன வந்தாலும் வெள்ளைம்பான். மணி போகட்டும். அவ நம்பாதவ. அவதான் வந்ததை வந்தபடி சொல்லுவா. அப்புடீன்னாரு.

ஏன் அப்புடிச் சொன்னாருன்னா, அதுக்கும் நாந்தான் காரணமுங்க. பத்தாவதுல லென்ஸ் வெச்சுக் குவியத்தூரம் அளக்கற பிராக்டிகல் ஒண்ணு இருக்குது. பசங்க போன வருசத்துப் பசங்ககிட்ட விடை என்னன்னு கேட்டுட்டு வந்து, அளக்காமயே அதுக்குத் தகுந்த ரீடிங்கா எழுதிப்போடுவாங்க. எனக்கு அதக் கண்டா ஆகாதுங்க. என்ன வந்துச்சோ அத எழுது, வரோணும்னு நீ ஆசைப்பட்டத எழுதாத. இதத்தான் கத்திக் கத்திச் சொல்லுவேன். ஊட்டுல பேப்பர் திருத்தறப்பவும் அதையே கத்தீட்டு உக்காந்திருப்பேன். அவரு பக்கத்துல தேங்கா மட்டை கிழிச்சுட்டுக் கேட்டுட்டே இருந்திருக்கறாரு பாருங்க.

போனேனுங்க. முந்தாநேத்துத்தான். ஸ்கூட்டர்ல தனியாப் போனேன். ஆறுச்சாமின்னு பூசாரி, பழைய ஆளு. அவரு கண்ண மூடீட்டு நிக்கறாரு, நான் வாய்க்குள்ள வெள்ளை, வெள்ளைன்னு சொல்லீட்டே நிக்கறேன். நம்பாதவளுக்கு எதுக்குங்க அது? ஒண்ணை எடுத்து எங்கையில குடுத்தாரு. இன்னொண்ணப் பிரிக்காமயே கோயில் கெணத்துல போட்டுட்டாரு, அப்புடித்தான் வழக்கம். நான் வெளிய வந்து ஸ்கூட்டர்கிட்ட நின்னு பிரிச்சேன். பாத்தேன். மறுபடி மடிச்சுப் பைல வெச்சுட்டு வண்டிய எடுத்துட்டேன்.

ஒரு நிமிசமுங்க, போர்டு மாறுச்சா? கண்ணு மங்கலாத் தெரியுது. அது நாலாவது பேரா. செரி, செரி. உங்கம்மா இல்லீங்களே? இல்ல, வேற ஆரோ.

ஊட்டுக்குப் போனா, வெள்ளை வேட்டி கட்டி, திருநீறு பூசீட்டு, வாசலப் பாத்தே உக்காந்திருக்கறாரு. பொட்டலத்த வாங்கிக் கண்ணுல ஒத்தீட்டுப் பிரிச்சாரு. வெள்ளைப் பூ. எங்க சாமிகிட்ட அவரு தெலுங்குலதான் பேசுவாரு, எங்கூட்டுப் பாசை. அன்னைக்கும் அதுலதான் ஏதோ சொல்லிக் கும்புட்டாரு. கண்ணுல தண்ணி வந்துச்சு. அப்பறம் மணி, ரசம் ஊத்துன்னாரு. அன்னைக்குத்தான் வவுறு நெறையாச் சாப்புட்டாரு. காலைல ஸ்ட்ரெச்சர்ல போறப்பவும் சிரிச்சுட்டேதான் போனாரு. கையில அந்தப் பூவ வெச்சிருந்தாரு, நர்சம்மா உள்ள கொண்டு போகப்படாதுன்னு வாங்கி எங்கிட்டக் குடுத்தாங்க. இந்தாங்க, இதுதான், கையில வாங்கிப் பாருங்க. கண்ணு முழிச்சதும் கண்ணுல காட்டோணும்னு சொல்லீட்டுப் போயிருக்கறாரு.

என்னங்க? அம்மனே உத்தரவு குடுத்துட்டாங்க, அப்பறம் எதுக்குப் பயப்படறீங்கன்னா?

அதுங்க... இது கோயில்ப் பூ இல்லீங்க அம்மணி. பொள்ளாச்சி ரோட்டுல நடு மீடியன்ல வரிசையா அரளி வெச்சிருக்கறாங்கல்ல, அங்க வண்டிய நிறுத்திப் பறிச்சு, அதே எலைல மடிச்சு நூலச் சுத்திக் குடுத்தது. லாரிக்காரன் ஒருத்தன் திட்டீட்டுக் கூடப் போனான். கோயில்ல வந்தது இந்தச் சின்ன ஜிப்புக்குள்ள இருக்குது. பாருங்க. வாடிப்போச்சு. ஆனாலும் செவப்பு நல்லாத் தெரியுதல்லங்க?

சொல்லியிருந்தா அவரு வந்திருக்க மாட்டாருங்க. ஊட்டுலயே உக்காந்து செத்துப் போயிருப்பாரு. அது எனக்கு நல்லாத் தெரியும். இது வெறும் பூ, ரெண்டுல ஒண்ணு, அதுவும் தெரியும். அந்தக் கெணத்துல போட்டதும் செவப்பாவே இருந்திருக்கலாம், ஆரு பாத்தா? இத்தனையும் தெரிஞ்சும் பயமா இருக்குதுங்க. அவரு நல்லா வந்துட்டா நான் கடைசி வரைக்கும் வாயத் தொறக்கறதில்ல. வராமப் போயிட்டா? டாக்டரு சொன்ன மூணு பேத்துல ஒருத்தருன்னு எனக்கு நானே சொல்லிக்குவனா, இல்ல அம்மன் வேண்டான்னு சொல்லியும் நாந்தான் அனுப்பி வெச்சேன்னு சொல்லிக்குவனா? நான் மட்டுந்தானுங்களே பாத்தேன். வேற ஆருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது.

குப்பைத்தொட்டி அந்தத் தூணுக்குப் பக்கத்துலதான் இருக்குது. காலைல இருந்து எந்திரிச்சு எந்திரிச்சுப் போறேன். போட முடிய மாட்டீங்குது.

ஏனுங்க, இப்பக் கூப்புட்டது லட்சுமணசாமின்னுதானுங்களே? அந்தப் பச்சைத் துணி போட்ட டாக்டரு நிக்கறாரே, அவரு மூஞ்சி எப்புடி இருக்குது? சிரிக்கறாருங்களா? எனக்குத் தெரிய மாட்டீங்குது, நீங்க பாத்துச் சொல்லுங்க. இல்ல வேண்டாம், சொல்லாதீங்க, நானே போறேன். எந்திரிக்கறதுக்குக் கொஞ்சம் கை குடுங்க. வெள்ளைய எங்கிட்டக் குடுங்க, கண்ணு முழிச்சா மொதல்ல அதத்தான் கேப்பாரு. செவப்ப நான் வார வரைக்கும் நீங்க வெச்சிருங்க கண்ணு. கீழ மட்டும் போட்டுறாதீங்க.