சாயம் குடித்த ஸ்போர்கள்

எங்கள் ஆய்வகத்தில் கோடையிலும் மின்விசிறி போட மாட்டோம், ஐயா. ஸ்லைடில் தூசி விழும். வியர்த்து வழிந்தபடிதான் வேலை.

என் பெயர் தீனதயாளன். அயோத்தியாப்பட்டணம் தாண்டி ஒரு தனியார் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர். இமயமலைக் கல் ஒன்றை அமிலத்தில் கரைத்து, நாற்பது கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழைய ஸ்போர்களைத் தேடினேன். பூவும் விதையும் தோன்றாத காலத்துச் செடிகள் ஸ்போர் என்ற நுண்துகளைத் தூவித்தான் பெருகின. தண்டில் நீரேற்றும் குழாய் அப்போதுதான் வந்திருந்தது. அப்படிப்பட்ட மிகப் பழைய செடிக்கு நான் சாட்சி கண்டதாகச் செய்தித்தாளில் படம் வந்தது. இருபத்தாறு வருடம் யாரும் சீந்தாத வாத்தியார் நான். குழந்தை மாதிரி அழுதேன்.

என் ஆராய்ச்சி மாணவி வெண்ணிலா, ஜலகண்டாபுரத்துத் தறிக்காரர் மகள், ஒரு நாள் ஸ்லைடுக்குச் சாயம் ஏற்றிப் பார்த்தாள்.

“சார், எல்லாமே செவந்துருச்சுங்க. கல்லுக்குள்ள இருந்தது இப்படிச் சாயம் குடிக்காதுங்களே? கணக்குக்கு நாம போட்ட மாத்திரைதானுங்க இது.”

எண்ணிக்கையை ஒப்பிட, இன்றைய செடியின் ஸ்போர் மாத்திரை ஒன்றைக் கலப்பது எங்கள் வழக்கம். கலந்ததை மறந்து அதையே கண்டுபிடித்திருந்தேன். திருத்தி எழுதிவிடலாம் என்றாள். நாளைக்குப் பார்க்கலாம் என்றேன்.

மறுநாள் மதியம் குடுவை அவள் மடியில் கவிழ்ந்தது. கல்லைக் கரைக்கும் அந்த அமிலம் பார்க்கத் தண்ணீர்தான். உடனே எரியாது, மெல்ல எலும்பு வரை இறங்கும். அதற்கான மருந்து என் மேசை இழுப்பறையில் இருந்தது.

“தண்ணிதானுங்களா சார்?”

“தண்ணிதாம்மா. வேலையைப் பாரு.”

மூன்று மணி நேரம் என் எதிரில் உட்கார்ந்து எழுதினாள். “வாரேனுங்க சார்” என்று கிளம்பினாள். மறுநாள் காலை மருத்துவமனையில் இறந்துபோனாள். விபத்து என்றார்கள்.

இப்போதெல்லாம் மதியம் ஆய்வகக் கதவைத் திறந்தால் அதே கேள்வி கேட்கிறது. தண்ணிதாம்மா என்று பதில் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகிறேன். பயமாக இருக்கிறது. அதனால்தான் ஸ்டேஷனுக்கு உங்களிடம் வந்தேன்.

அமிலக் குடுவையின் லேபிளைக் கிழித்து, தண்ணீர்க் குடுவை இருந்த இடத்தில் அதை வைத்ததும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். மாத்திரை விஷயத்தை மட்டும் விட்டுவிடுங்கள், ஐயா. அந்தச் செடிக்கு அவள் பெயரை வைத்திருக்கிறேன். அவள் அப்பா அந்தப் பெயர் அச்சான தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தறிக்கு மேலே மாட்டியிருக்கிறார். அதையும் பொய் என்று சொல்லி அந்தப் பிள்ளையை இன்னொரு முறை சாகடிக்க எனக்கு மனசு வராது.