ஜன்னல் ஓரத்தில் இரண்டு நாள் கிடந்த ரத்தச் சிப்புகள்

பெயர் லிதியா வாகனிகா, வயது 43, கணவர் பெயர் தோமசி, கண்டவு தீவு நவுனிவாய் கிராமத்து மருத்துவ நிலையத்தில் பதினோரு வருடமாக நர்ஸ். நானாகவே இந்தச் சுகாதார அலுவலகத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன். என்னை யாரும் அழைத்து வரவில்லை, தடுத்தவர்கள்தான் உண்டு.

கடந்த மாதம் வெள்ளம் வடிந்த பிறகு, காய்ச்சல்காரர்களைச் சோதிக்க தலைநகர் சுவாவிலிருந்து ஒரு சிறு கருவியும் பத்து சிப்புகளும் வந்தன. சிப் தபால்தலை அளவுதான். இரண்டு சொட்டு ரத்தம் விட்டுக் கருவியில் செருகினால் எலிக்காய்ச்சலா, டெங்குவா, டைபாய்டா என்று இருபது நிமிடத்தில் காட்டிவிடும். சிப்பைக் குளிர்பெட்டியை விட்டு வெளியே வைத்தால் கெட்டுவிடும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

இம்மாதம் 6ஆம் தேதி, ஊர்த்தலைவரும் என் கணவரின் அண்ணனுமான விலிமோனி, யங்கோனா வேர்க்கட்டு ஒன்றை என் முன் வைத்து, தேவாலய விருந்துக்கான வஞ்சிர மீனை நிலையத்துக் குளிர்பெட்டியில் வைக்க இடம் கேட்டார். வேரை வைத்துக் கேட்டால் எங்கள் ஊரில் மறுப்பதில்லை. சிப்புகளை எடுத்து ஜன்னல் ஓரத்தில் வைத்தேன். இரண்டு நாள் வெயிலில் கிடந்தன. அதன் பிறகு மீனை எடுத்துப் போனார்கள், நான் பெட்டியைக் கழுவிச் சிப்புகளைத் திரும்ப உள்ளே வைத்தேன், யாரிடமும் சொல்லவில்லை.

9ஆம் தேதி காலை அபிசாய் காய்ச்சலோடு வந்தார். அவர் எனக்கு அத்தை மகன். முறைக்காரர்களான நாங்கள் கேலியில்லாமல் ஒரு வார்த்தை பேசியதில்லை. "கெண்டைக்கால் பிச்சுக்கிட்டுப் போவுதுடி, செத்துருவேன் போல" என்றார். "சாகுறதுக்கு முன்னாடி படகை என் பேருக்கு எழுதி வெச்சிட்டுப் போ" என்றேன். சிப்பில் எந்தக் காய்ச்சலுக்கும் புள்ளி தெரியவில்லை. சிப் நன்றாக இருக்கிறது என்பதற்கான ஓரப்புள்ளியும் தெரியவில்லை. சோதனை செல்லாது, மறுபடி செய்க என்று கருவி காட்டியது. நான் இன்னொரு ஊசியைப் பிரித்ததும், "இன்னும் எவ்வளவுடி உறிஞ்சுவ? கொசுவே தேவல" என்றார். சிரித்துக்கொண்டே ஊசியைக் கீழே வைத்தேன். பதிவேட்டில் 'நோய் இல்லை' என்று எழுதிவிட்டு, பாராசிட்டமால் கொடுத்து அனுப்பினேன். கெண்டைக்கால் வலி எலிக்காய்ச்சலின் அடையாளம் என்பது எனக்குத் தெரியும். வேறு யார் சொல்லியிருந்தாலும் காலை அழுத்திப் பார்த்திருப்பேன்.

12ஆம் தேதி அவர் கண் மஞ்சளானது, சிறுநீர் நின்றது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் படகில் கொண்டுபோனோம். வழியில் அவர் ஒரு கேலியும் பேசவில்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. கரை சேருமுன் என் மடியில் இறந்தார்.

அடக்கம் முடிந்த பிறகு விலிமோனி என்னைத் தனியே அழைத்து, "மெஷின் தப்பாக் காட்டிருச்சுன்னு சொல்லிடு. அதுக்கென்ன புள்ளகுட்டியா இருக்கு?" என்றார். நான் தலையாட்டினேன். ஊரும் அப்படியே நம்பியது.

நேற்று அபிசாயின் மனைவி சேரெயானாவுக்குக் காய்ச்சல், கெண்டைக்கால் வலி. ஐஸ் பெட்டியில் புதிதாக வந்த சிப்போடும் மாத்திரையோடும் போனேன். "என் புருஷனைக் கொன்ன மெஷினை வாசல்ல கொண்டாராத. உங்க மருந்தும் வேணாம்" என்று கதவைச் சாத்தினாள்.

கருவி பொய் சொல்லவில்லை. செல்லாது என்றுதான் சொன்னது. இல்லை என்று எழுதியது என் கை. வேலை போகும் என்று தெரியும். என் மீதான விசாரணை முடியும்வரை காத்திராமல் இந்தத் தாளை இன்றே சேரெயானாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும். அதன் பிறகு அவளுக்கு ரத்தம் எடுக்க வேறு நர்ஸை அனுப்ப வேண்டும். என்னை அவள் தொடவிட மாட்டாள், விடவும் வேண்டாம்.

இவ்வளவையும் எழுத்தர் எனக்கு வாசித்துக் காட்டினார். எந்தச் சொல்லையும் நான் மாற்றச் சொல்லவில்லை. அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) லிதியா வாகனிகா